கிரீச்சருக்கு ஒரு டம்ளர் டீ

ரெண்டு இதழுக்கு முன்னாடி பேச்சுவாக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், ஹாரி பாட்டர் படிச்சதுல உங்க மனசுல நின்ன பாடம் எதுன்னு சொல்லுங்கன்னு. ஏதோ நாலு பேர் எழுதுவாங்கன்னு பார்த்தா கடுதாசி, வாட்ஸ்அப், அதுலயும் ஒருத்தர் ரெஜிஸ்டர் தபால்ல பதினோரு பக்கம்! 1997ல முதல் புத்தகம் வந்தப்போ கெட்டி அட்டையில வெறும் 500 காப்பி தான் அடிச்சாங்க, இன்னைக்கு 60 கோடி காப்பி வித்து 80 மொழிக்கு மேல போயிருக்கு, அதனால நம்ம ஊர்ல இத்தனை பேர் படிச்சிருக்கறதுல ஆச்சரியம் இல்ல, ஆனா இதை வெச்சு வீட்டுல இவ்வளவு சண்டை நடக்குதுன்னு தான் எனக்குத் தெரியாம போச்சு. எல்லாத்தையும் போட இடமில்ல, சிலதை மட்டும் எடுத்துக்கிட்டேன். படிக்காதவங்களுக்கும் புரியணும்னு கதையை அங்கங்க சொல்லியிருக்கேன், அப்புறம் சஸ்பென்ஸ உடைச்சிட்டீங்களேன்னு யாரும் திட்டக் கூடாது.

கே: அக்கா, என் பையனுக்கு பத்து வயசு. மூணாவது பாகம் படிச்சிட்டு இருக்கான். மாமியார், மந்திரம் சூனியம்னு இருக்கு, புள்ள கெட்டுப் போயிடுவான்னு தினமும் ஒரு பாட்டு. நான் படிச்சதில்ல. அதுல நல்லது ஏதாவது இருக்கா? (ஒரு அம்மா, ஈரோடு)

ப: உங்க மாமியார் தனியா இல்லம்மா. லைப்ரரில இருந்து எடுத்துடுங்கன்னு அதிகமா எதிர்ப்பு வந்த புத்தகங்கள்னு அமெரிக்க நூலகச் சங்கம் ஒரு பட்டியல் போட்டாங்க, 2000ல இருந்து 2009 வரைக்குமான பத்து வருஷத்துக்கு, அதுல முதல் இடமே இந்த சீரிஸ் தான். ஆனா படிச்சுப் பார்த்தா ஒரு வேடிக்கை புரியும், அந்த மந்திரத்தால முக்கியமான எதுவுமே நடக்காது. மந்திரப் பள்ளிக்கூடத்துல படிக்கற ஹீரோ ஏழு புத்தகமும் கண்ணாடி போட்டுக்கிட்டு தான் திரியறான். உடைஞ்ச கண்ணாடியை ஒட்ட மந்திரம் இருக்கு, கண்ணை யாரும் சரி பண்ணல. அவன் ஃப்ரெண்டு ரான் வீட்டுல அப்பாவும் மந்திரவாதி அம்மாவும் மந்திரவாதி, ஆனாலும் ஏழு புள்ளைங்க வீட்டுல சின்னவனுக்கு அண்ணன் போட்ட துணி தான். செத்தவங்களை எந்த மந்திரமும் திருப்பிக் கொண்டு வராது. ஏழாவது புத்தகத்துல ஹாரி, ரான், அவங்க ஃப்ரெண்டு ஹெர்மாய்னி மூணு பேரும் காட்டுல கூடாரம் போட்டு ஒளிஞ்சிருக்கறப்போ பட்டினி. ஒண்ணுமே இல்லாததுல இருந்து சோறு வரவைக்க முடியாதுன்னு அந்த உலகத்துலயே ஒரு விதி! காளானைப் பொறுக்கி வேக வெச்சு வாய்ல வைக்க முடியாம தின்னுட்டு, அந்தக் கடுப்புல சண்டை போட்டு ரான் கோவிச்சுட்டுப் போறான். பசி வந்தா பத்தும் பறக்கும்னு உங்க மாமியாரே சொல்லியிருப்பாங்க, அதைத்தான் இந்தக் கதையை எழுதின ரோலிங் அம்மா ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்காங்க. மூணாவது பாகம் வரைக்கும் தாராளமா விடுங்க. நாலாவதுல கடைசில ஒரு பையன் அநியாயமா செத்துப் போறான், அந்த இடம் வரும்போது மட்டும் நீங்களும் பக்கத்துல உட்காருங்க. அப்படியே நீங்களும் படிக்க ஆரம்பிச்சிடுவீங்க, அப்புறம் மாமியாருக்கு ரெண்டு பேர் மேல கம்ப்ளைண்ட் இருக்கும்.

கே: ஹாஸ்டல்ல முதல் வருஷம். நைட் ஆனா காரணமே இல்லாம அழுகை வருது. ரூம்ல எல்லாரும் கிண்டல், 'அழுமூஞ்சி'ன்னே பேர் வெச்சுட்டாங்க. மூணாவது புத்தகத்துல ட்ரெய்ன்ல ஹாரி மயங்கி விழற இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன் அக்கா. ஏன்னு தெரியல. (பேர் வேண்டாம், கோவை)

ப: ஏன்னு எனக்குத் தெரியும் கண்ணு. அந்த இடத்தைச் சொல்றேன், மத்தவங்களுக்காக. டிமென்டர்னு ஒரு ஜந்து, பக்கத்துல வந்தா சந்தோஷமே உலகத்துல இல்லாத மாதிரி ஆயிடும், சில்லுனு ஆயிடும். ஸ்கூலுக்குப் போற ட்ரெய்ன்ல ஏறுது. பெட்டில இருக்கற எல்லாருக்கும் நடுக்கம், ஆனா மயங்கி விழறது ஹாரி ஒருத்தன் தான். அதை வெச்சு மால்ஃபாய்னு ஒரு பணக்காரப் பையன் வருஷம் பூரா மயங்கி விழற மாதிரி நடிச்சுக் காட்டிக் கிண்டல் பண்றான். ஹாரிக்கு அவமானம் தாங்கல, வாத்தியார் லூபின்கிட்ட போய் நான் மட்டும் ஏன் இப்படின்னு கேக்கறான். அவர் சொல்றது இது தான், இதுக்கும் பலவீனத்துக்கும் சம்பந்தமே இல்ல, மத்தவங்க பார்க்காத கொடுமையை நீ பார்த்திருக்க, அதனால தான் உன்னை இது அதிகமா தாக்குது. ஒரு வயசுல அம்மா கத்தினது அந்தப் பையன் காதுல இருக்கு, கிண்டல் பண்றவன் காதுல அது இல்ல, அவ்வளவு தான் வித்தியாசம்.

எழுதினவங்களுக்கே ஒரு காலத்துல மன அழுத்தம் இருந்துச்சு, அந்த அனுபவத்துல இருந்து தான் டிமென்டர் வந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதனால தான் உனக்கு அந்த இடம் பழகின இடம் மாதிரி இருக்கு. இன்னொண்ணு கவனிச்சியா, லூபின் முதல்ல அட்வைஸ் பண்ணல, ஒரு பெரிய சாக்லேட்டை உடைச்சு எல்லாருக்கும் குடுத்துட்டு, தின்னு நல்லா இருக்கும்னாரு. அப்புறம் வாராவாரம் தனியா கூட்டிட்டுப் போய் அதை விரட்ட சொல்லிக் குடுத்தாரு, அதுவும் முதல் நாளே வந்துடல, ஹாரி முதல்ல நினைச்ச சந்தோஷ ஞாபகம் போதவே இல்ல, வேற தேடினான். உனக்கும் ஒரு லூபின் வேணும். காலேஜ்ல கவுன்சலர் இருந்தா நாளைக்கே போ, வெளியில போகத் தயக்கமா இருந்தா 14416க்கு போன் பண்ணு, அரசாங்கத்தோட டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். எனக்கும் மறுபடி எழுது, கட்டாயம்.

கே: ஸ்னேப் நல்லவரா கெட்டவரா? அக்கா தங்கச்சி நாங்க ரெண்டு பேரும் இதுக்காக மூணு நாள் பேசாம இருந்தோம். அவ சொல்றா அவர் மாதிரி காதலிச்சவன் உலகத்துல இல்லன்னு. நான் சொல்றேன் அந்தாளு சின்னப் பசங்களைக் கொடுமைப்படுத்தினவன்னு. (தங்கச்சி, மதுரை)

ப: நான் உன் கட்சி. அக்காகிட்ட சொல்லிடு.

நம்ம சினிமா பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஒருதலைக் காதல்னாலே ஒரு இளக்கம் கலந்த பரிதாபம் வந்துடும், ஒருத்தன் ஒரு பொண்ணையே நினைச்சு உருகிட்டான்னா அவன் மத்த இடத்துல பண்ணினதெல்லாம் மன்னிச்சு விட்டுடுவோம். ஹாரி ஸ்கூல்ல வாத்தியாரா இருக்கற ஸ்னேப்புக்கு ஹாரியோட அம்மா லில்லி மேல சாகற வரைக்கும் காதல், உண்மை தான். ஆனா அந்தக் காதல் முதல்ல எப்படி இருந்துச்சு? லில்லி குடும்பத்தை கதையோட வில்லன் வால்டமார்ட் கொல்லப் போறான்னு தெரிஞ்சதும் அவன்கிட்டயே போய் அவளை மட்டும் விட்டுடுன்னு கேட்டவர் தானே. புருஷனும் கைக்குழந்தையும் செத்தா பரவாயில்லையா. ஸ்கூல் ஹெட்மாஸ்டர் டம்பிள்டோரே மூஞ்சிக்கு நேரா அருவருப்பா இருக்குன்னு சொல்லிடறாரு. அதுக்கப்புறம் மாறினாரு, அதையும் சொல்லணும், ரொம்ப வருஷம் கழிச்சு அதே டம்பிள்டோர், எத்தனை பேர் சாகறதை சும்மா பார்த்துட்டு இருந்திருக்கன்னு கேக்கும்போது, சமீபமா என்னால காப்பாத்த முடியாதவங்களை மட்டும்னு பதில் வரும். அந்த ஒரு வரிக்கு நான் எந்திரிச்சு நிப்பேன்.

ஆனா நெவிலை எங்க வைக்கறது? ஹாரி கூடப் படிக்கற பதிமூணு வயசுப் பையன். அவன் அப்பா அம்மாவை சித்திரவதை பண்ணி புத்தி பேதலிக்க வெச்சுட்டாங்க, ஆஸ்பத்திரில பெத்த புள்ளையை அடையாளம் தெரியாம கிடக்கறாங்க. அப்படிப்பட்டவன் முன்னாடி, உனக்கு உலகத்துலயே எது ரொம்ப பயமோ அந்த உருவத்துல வர்ற பேய் ஒண்ணு வந்து நிக்குது. அது என்ன உருவம் எடுக்குது தெரியுமா, ஸ்னேப் சார். அப்பா அம்மாவைக் கெடுத்தவங்களை விட கெமிஸ்ட்ரி வாத்தியார் மாதிரி ஒருத்தர் பெரிய பயமா இருக்கார்னா அந்த வகுப்பு எப்படி நடந்திருக்கும்! இன்னொரு பொண்ணுக்கு யாரோ போட்ட மந்திரத்துல பல்லு நீளமா வளர்ந்துட்டே போகுது, இவர் பார்த்துட்டு எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயேங்கறார். பதினாலு பதினஞ்சு வயசுப் பொண்ணுகிட்ட.

கடைசில ஹாரி தன் பையனுக்கு இவர் பேரை வெச்சானேன்னு உங்க அக்கா கண்டிப்பா கேப்பா. வெச்சான். வெச்சுட்டு என்ன சொல்றான்னு எடுத்துப் படிக்கச் சொல்லு, நான் பார்த்ததுலயே ரொம்ப தைரியசாலிங்கறான். நல்லவர்னு ஒரு வார்த்தை சொல்லல.

கே: அக்கா நீங்க எந்த ஹவுஸ்? (எட்டாம் வகுப்பு, வேலூர்)

ப: ஹஃபிள்பஃப். (படிக்காதவங்களுக்கு, அந்த ஸ்கூல்ல பசங்களை நாலு ஹவுஸா பிரிச்சு வருஷம் பூரா பாயிண்ட் போட்டி வைப்பாங்க.) ஹாஸ்டல் பக்கத்துலயே கிச்சன். அதுவும் இல்லாம கடைசி யுத்தத்துல யாரு இருந்து சண்டை போடறீங்க யாரு போறீங்கன்னு கேட்டப்போ ஸ்லிதரின் மேஜை மொத்தமும் காலி, ரேவன்கிளாவுல கொஞ்சம் பேர் போகாம உட்கார்ந்தாங்க, அதை விட அதிகம் பேர் உட்கார்ந்தது எங்க ஆளுங்க தான். எங்களுக்குன்னு ஒரு பாட்டு இல்ல ஒரு பில்டப் இல்ல.

கே: மேடம், டீம்ல நாங்க அஞ்சு பேரும் காலேஜ் காலத்து ஃப்ரெண்ட்ஸ். டூர் போனா ஹோட்டல் பில்லை கூட்டிப் போட்டு கிளெய்ம் பண்றாங்க. நான் வேணாம்னு சொன்னேன், இப்ப டீ குடிக்கப் போகும்போது என்னைக் கூப்பிடறதில்ல. முதல் புத்தகத்துல நெவிலுக்குக் கடைசில பத்து பாயிண்ட் குடுப்பாங்களே, எனக்கு யார் குடுப்பா? (தனியார் கம்பெனி ஊழியர், சென்னை)

ப: யாரும் குடுக்க மாட்டாங்க தம்பி, இப்பவே சொல்லிடறேன்.

அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு, அதனால ஒரு தடவை போட்டுக்கறேன். வருஷக் கடைசில ஸ்லிதரின் 472, நம்ம பசங்களோட க்ரிஃபிண்டார் 312. டம்பிள்டோர் எந்திரிச்சு ரானுக்கு 50, ஹெர்மாய்னிக்கு 50, ஹாரிக்கு 60 குடுக்கறார். கூட்டிப் பாருங்க, சரியா 472. டை. உயிரைப் பணயம் வெச்சு வில்லனைத் தடுத்த மூணு பேரோட மொத்த வீரமும் சேர்ந்து சமன் தான் ஆச்சு, அந்தக் கோப்பையை ஜெயிச்சுக் குடுத்தது நெவிலோட பத்து பாயிண்ட். அவன் என்ன பண்ணினான், ராத்திரி திருட்டுத்தனமா வெளியில போற இந்த மூணு பேர் முன்னாடி கையை முறுக்கிட்டு நின்னு, போனா எல்லாருக்கும் பாயிண்ட் போயிடும் விட மாட்டேன்னான். எதிரியை எதுக்கறதுக்கு எவ்வளவு துணிச்சல் வேணுமோ அதே அளவு ஃப்ரெண்டை எதுக்கறதுக்கும் வேணும்னு சொல்லித்தான் அந்தப் பத்தைக் குடுக்கறார்.

இதுல யாரும் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அன்னைக்கு நெவில் சொன்னது தப்பு. அவன் பேச்சைக் கேட்டு அந்த மூணு பேரும் படுக்கப் போயிருந்தா என்ன ஆகியிருக்குமோ. தனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எது சரியோ அதைச் சொல்ல நின்னான், அதுக்குத்தான் பாயிண்ட். அப்புறம் அந்த பாயிண்ட் வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னும் ஞாபகம் வெச்சுக்கங்க, ஹெர்மாய்னி ஒரு மந்திரம் போட்டு அவனைக் கட்டை மாதிரி விறைக்க வெச்சுடறா, அவன் மூஞ்சி குப்புற தரையில விழறான், ஹெர்மாய்னி மட்டும் சாரின்னு சொல்றா, மூணு பேரும் தாண்டிப் போறாங்க. நீங்க இப்ப அந்தத் தரையில கிடக்கற கட்டத்துல இருக்கீங்க. டீ கடைக்குத் தனியா போங்க, வேற டீம்ல யாராவது தனியா நிப்பாங்க. உங்க பில்லை மட்டும் சரியா போட்டு காப்பி எடுத்து வெச்சுக்கங்க, அது முக்கியம், ஆடிட் வந்தா அஞ்சு பேரையும் சேர்த்துத் தான் கூப்பிடுவாங்க.

கே: அம்மா, எனக்கு வயது 56. சிறு வயதில் பெற்றோரை இழந்து பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். என்ன வளர்ப்பு என்பது எனக்குத்தான் தெரியும். பேத்திக்குப் படித்துக் காட்டப் போய் முதல் அத்தியாயங்களிலேயே கண் கலங்கிவிட்டது. போன மாதம் பெரியப்பா மகன் போன் செய்து 'சாப்ட்டியா' என்று கேட்டான். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டுமா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

ப: ஐயா, உங்க கடிதத்தைப் படிச்சிட்டு அன்னைக்கு வேற எதுவும் எழுத முடியல.

மத்தவங்களுக்கு ரெண்டு வரி. ஹாரி வளர்ந்தது பெரியம்மா பெட்டூனியா வீட்டுல, மாடிப்படிக்குக் கீழ இருக்கற அலமாரி தான் ரூம், அவங்க பையன் டட்லிக்கு பிறந்தநாளுக்கு 36 கிஃப்ட் வந்தா போன வருஷத்தை விட ரெண்டு கம்மின்னு அழுவான், இவனுக்கு அவன் போட்டுக் கழிச்ச துணி. பதினஞ்சு வயசுல டட்லியை டிமென்டர் பிடிக்க வரும்போது ஹாரி காப்பாத்தறான். அப்பவும் யாரும் நன்றி சொல்லல.

நீங்க பேத்தியோட ஏழாவது புத்தகம் வரைக்கும் வரணும், அங்க ஒரு டீ கப் இருக்கு. ஹாரி காலைல ரூமை விட்டு வெளியில வர்றான், வாசல்ல வெச்சிருந்த ஒரு கப்பை மிதிச்சு உடைச்சிடறான். ஆறிப் போன டீ. டட்லி வேணும்னே வழுக்கி விழ வெச்சிருக்கான்னு திட்டிக்கிட்டே போறான். அன்னைக்கே அந்தக் குடும்பம் வீட்டைக் காலி பண்ணிட்டுக் கிளம்பற நேரத்துல டட்லி தடுமாறித் தடுமாறி, நீ ஒண்ணுக்கும் உதவாதவன்னு நான் நினைக்கலங்கற மாதிரி ஒண்ணு சொல்றான், கை குடுக்கறான். அப்பத்தான் இவனுக்கு உறைக்குது, காலைல அந்த டீ வழுக்கி விழறதுக்கு வெச்சது இல்லையோன்னு. பெரியம்மாவும் கடைசியா வாசல்ல நின்னு ஏதோ சொல்ல வர்றா, வாய் வரைக்கும் வருது, தலையை ஒரு வெட்டு வெட்டிட்டுப் போயிடறா. அவ்வளவு தான். கட்டிப் பிடிச்சு அழறது, கால்ல விழறது எதுவும் இல்ல. ஹாரி அவங்களை மன்னிச்சான்னு எங்கயும் எழுதல.

அதனால மன்னிக்கணுமான்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த உரிமை இல்ல, அந்த வீட்டுல வளர்ந்தது நான் இல்ல. டட்லியால முடிஞ்சது ஒரு கப் டீ. உங்க அண்ணனால முடிஞ்சது ஒரு 'சாப்ட்டியா'. சாப்பிட்டிருந்தீங்கன்னா சாப்ட்டேன்னு சொல்லலாம்.

கே: இந்தப் புத்தகம் படித்தால் குழந்தைகள் உண்மையிலேயே நல்லவர்களாக ஆகிறார்களா? அல்லது நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோமா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

ப: டீச்சர், இதை இத்தாலில சோதிச்சே பார்த்திருக்காங்க, 2014ல ஆய்வுக் கட்டுரையா வந்துச்சு. அஞ்சாம் வகுப்புப் பசங்க 34 பேர், ஆறு வாரம், சின்னச் சின்னக் குழுவா உட்கார்ந்து படிச்சுப் பேசினாங்க. ஒரு பகுதிப் பசங்களுக்கு, ஹெர்மாய்னியோட அப்பா அம்மா மந்திரவாதி இல்லைங்கறதுக்காக அவளை அசுத்த ரத்தம்னு மால்ஃபாய் திட்டற மாதிரி இடங்கள். இன்னொரு பகுதிக்கு ஹாரி முதல் முதல்ல மந்திரக்கோல் வாங்கப் போற மாதிரி சாதாரண இடங்கள். அப்புறம் வெளிநாட்டுல இருந்து பிழைக்க வந்தவங்களைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு கேட்டா முதல் குழுவுல நல்ல மாற்றம் தெரிஞ்சுது, ஆனா எல்லாருக்கும் இல்ல, ஹாரி மாதிரி இருக்கணும்னு நினைச்ச பசங்களுக்கு மட்டும். முப்பத்தி நாலு பேரை வெச்சு ஊரையே அளக்க முடியாது தான். எனக்கு அதுல பிடிச்சது பேசினாங்கங்கறது, கூட ஒருத்தர் உட்கார்ந்து இது ஏன் தப்புன்னு பசங்களைப் பேச விட்டிருக்காங்க. அந்தத் திட்டு வார்த்தையை இத்தாலிப் பசங்களுக்கு விளக்கியிருப்பாங்க. உங்க வகுப்புல விளக்கவே வேண்டியிருக்காது, ரத்தத்துல சுத்தம் பார்க்கறதுன்னா என்னன்னு நம்ம பசங்களுக்குத் தெரியும்.

கே: எழுதினவங்க திருநங்கைகள் பத்திச் சொன்ன கருத்து பிடிக்காம புத்தகத்தை எல்லாம் பரண்ல போட்டுட்டேன். ஆனா தூக்கிப் போட மனசு வரல. (புதுச்சேரி)

ப: 2020ல அந்தப் பேச்சு பெருசானப்போ படத்துல ஹாரியா நடிச்ச டேனியல் ராட்கிளிஃபே அவங்களோட ஒத்துப் போகாம ஒரு அறிக்கை விட்டாரு, அதுல இந்தக் கதைல உங்களுக்கு எது கிடைச்சுதோ அது உங்களுக்கும் நீங்க படிச்ச புத்தகத்துக்கும் நடுவுல இருக்கறதுன்னு சொல்லியிருந்தாரு. பரண்லயே இருக்கட்டும். தோணும்போது எடுங்க. கரையான் மட்டும் பார்த்துக்கங்க.

கே: ஒரு மனுஷன் எப்படிப்பட்டவன்னு தெரியணும்னா அவன் தனக்குச் சமமானவங்களை எப்படி நடத்தறான்னு பாக்காத, தனக்குக் கீழ இருக்கறவங்களை எப்படி நடத்தறான்னு பாரு. நாலாவது புத்தகத்துல சிரியஸ் சொல்ற இது தான் என் ஸ்டேட்டஸ், மூணு வருஷமா மாத்தல. இதை விடப் பெரிய பாடம் இருக்கா? (கல்லூரி மாணவி, சேலம்)

ப: இதை விடப் பெரிய பாடம் அடுத்த புத்தகத்துல இருக்கும்மா, அதே சிரியஸ்கிட்ட, அதாவது ஹாரியோட அப்பாவுக்கு உயிர் ஃப்ரெண்டா இருந்தவர்கிட்ட.

இந்த வசனத்தை அவர் எப்ப சொல்றார்? க்ரௌச்னு ஒரு பெரிய அதிகாரி தன் வீட்டு வேலைக்கார எல்ஃபை, விங்கின்னு பேரு, ஊர் முன்னாடி அவமானப்படுத்தித் துரத்தி விட்டதைக் கேட்டுட்டு. எல்ஃபுன்னா அந்த உலகத்துல தலைமுறை தலைமுறையா ஒரே வீட்டுக்கு உழைக்கற ஜீவன், சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, உடுத்திக்க பழைய தலையணை உறை. சரி, சிரியஸ் வீட்டுல ஒரு எல்ஃப் இருக்கு, கிரீச்சர். கிழடு, அழுக்கு, வாய் பூரா வசவு, சிரியஸுக்குப் பிடிக்காத அம்மாவைக் கும்பிட்டுக்கிட்டு அந்தம்மா பேச்சையே பேசிட்டுத் திரியும். சிரியஸ் அதை அடிச்சாரா, பெருசா கொடுமை பண்ணினாரான்னா அப்படி இல்ல, அது ஒரு ஜீவன்னே கண்டுக்கல, கண்ல பட்டா போ வெளியிலன்னு கத்துவாரு. ஒரு நாள் அந்த 'போ வெளியில'யை கிரீச்சர் உத்தரவாவே எடுத்துக்கிட்டு வீட்டை விட்டே போயிடுச்சு. நேரா எதிரி வீட்டுக்கு. அங்க அது சொன்ன சேதியும், அப்புறம் ஹாரிகிட்ட சொன்ன ஒரு பொய்யும் சேர்ந்து தான் சிரியஸ் சாவுல போய் முடியுது. அவ்வளவு நல்ல வசனம் பேசின மனுஷன்.

அடுத்து ஏழாவதுல ஹாரி என்ன பண்றான்னு பாருங்க. கிரீச்சரை உட்கார வெச்சு கதையைக் கேக்கறான். அதோட பிரியமான சின்ன எஜமான் ரெகுலஸ் எப்படி செத்தார்னு அத்தனை வருஷமா அது உள்ளுக்குள்ளயே வெச்சுப் பொசுங்கிட்டு இருந்திருக்கு, யாரும் கேட்டதே இல்ல. கேட்டு முடிச்சிட்டு ரெகுலஸோட லாக்கெட்டை எடுத்து அது கைல குடுக்கறான். அரை மணி நேரம் அழுகையை நிறுத்த முடியல. அதுக்கப்புறம் கிரீச்சர் வேற ஆளு, பளபளன்னு வெள்ளைத் துண்டு, வீடு முழுக்க சுத்தம், வெங்காய சூப். கடைசி யுத்தத்துல சமையலறைக் கத்தியைத் தூக்கிட்டு எல்ஃபுங்க படைக்கு முன்னாடி வர்றது அது தான், நெஞ்சுல அந்த லாக்கெட் ஆடிட்டு இருக்கும். எல்லாம் ஒரு தடவை 'ப்ளீஸ்' சொன்னதுக்கு.

கே: நீங்க கிரீச்சரைப் பத்தி உருகுவீங்கன்னு தெரியும், அதனால முன்கூட்டியே கேட்டுடறேன். எல்ஃபுங்களுக்கு விடுதலை வேணும்னு ஹெர்மாய்னி ஒரு சங்கம் ஆரம்பிச்சு ரெண்டு சிக்கிள் சந்தா கேட்டா கதைல எல்லாரும் சிரிக்கறாங்க, படிக்கற நம்மளும் சிரிக்கறோம். யுத்தம் முடிஞ்சு வில்லன் செத்து எல்லாம் நல்லபடியா ஆன அந்தக் கடைசிப் பக்கத்துல ஹாரி என்ன நினைக்கறான்? மாடில கட்டில் காத்திருக்கு, கிரீச்சர் அங்க ஒரு சாண்ட்விச் கொண்டு வந்து குடுக்குமான்னு! அதுவும் அதே ராத்திரி சண்டை போட்ட கிழம். இது என்ன பாடம் அக்கா? (சட்டக் கல்லூரி, திருச்சி)

ப: மாட்டிக்கிட்டேன் தம்பி. அந்த சாண்ட்விச்சை நானும் மூணு தடவை படிச்சும் கவனிக்காம தாண்டிப் போயிருக்கேன், உங்க கடிதம் வந்ததுக்கு அப்புறம் தான் எடுத்துப் பார்த்தேன், இருக்கு. அந்தம்மா வேணும்னு எழுதினாங்களா, கை தவறி எழுதினாங்களான்னு யோசிச்சேன், எப்படி இருந்தாலும் அது உண்மையான வரின்னு எனக்குத் தோணுது. ஏன்னு சொல்றேன்.

சேலம் பொண்ணு ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்கற அதே வரியை நான் 19 வயசுல டைரில எழுதி வெச்சேன், அப்பாவுக்கு ஆபீஸ்ல குடுத்த டைரி, நீல மசி, கீழ ரெண்டு கோடு. எழுதிட்டு நிமிர்ந்தா எங்க வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வர்ற அக்கா பின்கட்டுல உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்காங்க. அவங்களுக்குன்னு ஒரு டம்ளர், எவர்சில்வர், விளிம்பு நசுங்கினது. குடிச்சிட்டு அவங்களே கழுவி ஜன்னல் திட்டுல கவுத்து வெச்சிட்டுப் போவாங்க. வீட்டுல இருக்கற மத்த பாத்திரம் அத்தனையும் தேய்க்கறதும் அவங்க தான். பொறந்ததுல இருந்து அந்த டம்ளரை நான் பார்த்திருக்கேன், அன்னைக்குத் தான் பார்த்தேன்.

அம்மாகிட்ட சண்டை. ஏன் தனி டம்ளர்னேன். அம்மா அசரவே இல்ல, "அவளே ஒண்ணும் கேக்கல, உனக்கென்னடி"ன்னாங்க. எல்ஃபுங்களுக்கு அப்படி இருக்கறது தான் பிடிச்சிருக்குன்னு ரான் ஹெர்மாய்னிகிட்ட சொல்வானே, அச்சு அசல் அதே. ஒரு வாரம் நானே வேணும்னே வேற டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன், அந்த அக்கா தயங்கித் தயங்கி வாங்கிட்டு எங்க அம்மா மூஞ்சியப் பார்த்தாங்க. அப்புறம் செமஸ்டர் வந்துச்சு. படிக்கணும், நைட் கண் முழிக்கணும், காலைல எந்திரிக்க மணி ஒன்பது ஆயிடும், அதுக்குள்ள டீ நேரம் முடிஞ்சிருக்கும். அப்படியே விட்டுட்டேன். சண்டை போட்டேன், களைச்சுப் போனேன், மாடில கட்டில் காத்திருந்துச்சு. அந்த அக்கா அதுக்கப்புறமும் பதினோரு வருஷம் எங்க வீட்டுக்கு வந்தாங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். இப்ப வர்றது வேற அக்கா. அந்த நசுங்கின டம்ளர் அதே ஜன்னல் திட்டுல தான் கவுந்திருக்கு.